பாம்பு திரும்பி வந்த நான்கு நாட்கள்

எங்களுக்கு அறையை வாடகைக்கு விடும்போதே வீட்டுக்காரம்மா விதிகளைச் சொல்லிவிட்டார். நாய் கூடாது, பூனை கூடாது, கோழி கூடாது, புறா கூடவே கூடாது. பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்கூடத்தில் இரண்டு பட்டுத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் பின்பக்கம், முன்பு நூல் மூட்டைகள் கிடந்த ஒற்றை அறையில் இருந்தோம். பூனையின் ஒரு முடி, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் வந்து ஒட்டினால் போதும், அது பட்டோடு பட்டாக நெய்யப்பட்டுவிடும், கடையில் புடவையை விரித்தவுடன் அதுதான் முதலில் கண்ணில் படும் என்பார். இறகும் அப்படித்தான். நாய்க்கு அவர் சொன்ன காரணம் வேறு. திடீரென்று குரைத்தால் நெய்கிறவரின் கால் மிதி தவறும். இத்தனையும் சொல்லிவிட்டு, "மத்தபடி உங்க வீடு மாதிரி இருந்துக்கலாம்மா" என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா அதற்கு முந்தின வருடம் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அம்மா சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசினாள். எந்த நாளும் அவள் கைகள் மணிக்கட்டு வரை அன்றைய சாயத்தின் நிறத்தில் இருக்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஆறு மணிக்கு அவள் வரும்வரை அறையில் நான் மட்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அசைகிற எதுவாவது பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது. முடியில்லாமல், இறகில்லாமல், சத்தம் போடாமல் இருக்கும் உயிர் எது என்று பல நாள் யோசித்தேன். பதில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். எங்காவது பாம்பு புகுந்துவிட்டால் அவருக்குத்தான் போன் வரும். மழைக்காலத்தில் தறிக்குழிகளுக்குள் பாம்பு இறங்கும். நெய்கிறவர் கால் வைத்து மிதிக்கும் பள்ளம் அது; இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். குழிக்குள் வந்த பாம்பை அங்கே யாரும் அடிப்பதில்லை. தெய்வ பயம் என்று சொல்வார்கள். குழிக்கு நேர் மேலே பட்டுப்பாவு விரிந்து கிடக்கும்போது அதன் கீழே தடியைச் சுழற்ற யாருக்கும் மனம் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மாமா ஒரு கொக்கிக் கம்பியோடும் பழைய தலையணை உறையோடும் போவார். காபி கொடுப்பார்கள். பிடித்ததை இரண்டொரு நாள் வைத்திருந்து, கூரம் பக்கம் லோடு போகும்போது புதர்க்காட்டில் விட்டுவிட்டு வருவார்.

"மாமா, பாம்புக்கு முடி இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஏது முடி? தலை வாரி பூ வெக்கப் போறியா?"

"குரைக்குமா?"

"புஸ்ஸுன்னும். இன்னாடி, சுத்தி சுத்தி வர்ற?"

"எனக்கு ஒண்ணு குடு. வளக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறந்துவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தலையணை உறைகளோடு வந்து நின்றார். அம்மாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை நடந்தது. முன்கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்பதால் இருவரும் கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள்.

"அவளே ஒத்தையா கெடக்கறா. துணைக்குப் பாம்பு புடிச்சிக்கினு வந்தியா நீ?"

"வெஷம் இல்லாததுக்கா. பல்லிக்கு வால் நீண்ட மாதிரி நெனச்சுக்கோ. ஒரு மாசம், தை பொறந்ததும் நானே கொண்டுபோய் உட்டுடறேன். ஃபாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னத்தான் இஸ்துக்கினு போவாங்க, உன்ன இல்ல."

கடைசியில் அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் வீட்ல இருக்கற நேரத்துல அது வெளிய வரக் கூடாது. நான் வாசப்படி ஏறும்போது மூடி போட்டிருக்கணும். இல்லன்னா பாம்பு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

முதல் உறையில் சாரைப்பாம்பு இருந்தது. அது வெளியே வந்து நீள நீள, அறை போதாமல் போயிற்று. "இது உன்னவிட ஹைட்டு" என்று மாமாவே அதை உள்ளே தள்ளினார். இரண்டாவது தண்ணீர்ப்பாம்பு. உறையை அவிழ்த்ததுமே அழுகின மீன் நாற்றம் அடித்தது. மூன்றாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பழுப்பு உடம்பு. கழுத்தில் அகலமாகத் தொடங்கிய வெள்ளைப் பட்டைகள், கீழே போகப்போக மெலிந்து, வால் பக்கத்தில் இல்லாமலே போயின. சுவரில் ஏறும் என்பதால் அதற்குச் சுவர்ப்பாம்பு என்று பெயர் சொன்னார் மாமா. நான் கையை நீட்டினேன். அது கொஞ்சமும் யோசிக்காமல் கடித்தது.

ஊசி குத்தியதுபோல நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பயப்படாத பாப்பா, இதுக்கு வெஷம் கெடையாது. கோவம் மட்டும்தான்."

"இதுதான் வேணும்" என்றேன்.

"கடிக்குதேடி!"

"அதுக்குத்தான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியாது. மற்ற இரண்டும் ஓடப் பார்த்தன. இது ஒன்றுதான் என்னை ஒரு ஆளாக மதித்து ஏதோ செய்தது.

மளிகைக்கடையில் முறுக்கு போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி வந்தோம். மூடியில் காய்ச்சிய கோணூசியால் துளை போட்டுக் கொடுத்தார் மாமா. உள்ளே ஓட்டுத் துண்டு, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர், தறியடியில் பொறுக்கிய கழிவு நூலைக் குவித்து ஒரு மெத்தை. எனக்கே அவ்வளவு பட்டு கிடையாது.

சாப்பாடு பல்லி. மேலே பல்லி விழுந்த தோஷம் போக, ஊர் ஊராக ஜனங்கள் வந்து பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டுப் போகிற ஊரில், நான் தென்னந்துடைப்பக் குச்சியில் சுருக்குப் போட்டுப் பல்லி பிடித்துக்கொண்டிருந்தேன். பாவம்தான் என்று தெரியும். பாம்பு விழுங்குவதைப் பார்த்த பிறகு பாவமெல்லாம் நினைவிருக்காது. தன் தலையைவிடப் பெரியதை அது எடுத்துக்கொள்ளும்போது தாடை இரண்டு பக்கமும் தனித்தனியாக நடக்கும். பல்லி உள்ளே போய்ச் சேர்ந்ததும் வாயை ஒருமுறை அகலத் திறந்து மூடிக்கொள்ளும். கொட்டாவி விட்டதுபோல இருக்கும். நான் மூச்சு விட மறந்து உட்கார்ந்திருப்பேன்.

என் ஆசை ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அது கடிக்காமல் என் கையில் படுத்திருக்க வேண்டும். தினமும் நாலரை மணிக்கு மூடியைத் திறந்து கையை நீட்டுவேன். தினமும் கடிக்கும். கடித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததை அதனிடம் சொல்லிவிட்டு மூடி வைப்பேன்.

இந்த ரகசியம் வீட்டுக்காரம்மாவின் மகளுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத அக்கா. புடவை டிசைன் போடுவதுதான் அவர் வேலை. பகலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போடுவார். வீட்டுக்கு வந்தால் பென்சிலால் கட்டத்தாளில் போடுவார். ஒரு கட்டம் ஓர் இழை. அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். தறிக்கு மேலே அந்த அட்டைகள் வரிசையாகச் சுழன்று, எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். அவர் கைவிரல் நகத்தில் எப்போதும் பென்சில் கரி இருக்கும். என் பாம்பைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வரவில்லை. எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"கழுத்துல நாலு கட்டம் வெள்ளை. அப்புறம் ஆறு பழுப்பு. அப்புறம் மூணு வெள்ளை... எந்த மகராசன் போட்ட டிசைன்டி இது? இத்த முந்தானையில எறக்கினா எப்படி இருக்கும் தெரியுமா?"

பாதித் தாள்தான் முடிந்தது. பாம்பு டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, பென்சில் அசையும் திசையெல்லாம் பாய்ந்து முட்டியது. "உன் ஆளைப் பத்து நிமிஷம் சும்மா இருக்கச் சொல்லுடி, மீதிய அப்புறம் பாக்கலாம்" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம், விடாமல் மழை பெய்த ஒரு நாளில், பல்லி பிடிக்கிற அவசரத்தில் மூடியைச் சரியாக அழுத்தாமல் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டப்பாவில் சிரட்டையும் நூலும் மட்டும் இருந்தன.

மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா பட்டறைக்குக் கிளம்பியதும் அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், அம்மா புடவைகளுக்கு நடுவில் எல்லாம் தேடினேன். பரண் இடுக்கில் ஒரு சட்டை கிடைத்தது. பாம்பு உரித்துப் போட்ட தோல். சோப்பு நுரை காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கண் இருந்த இடத்தில்கூட கண்ணாடிபோல ஒரு மூடி இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாம்பு, எப்போது போட்டதோ. என்னுடையதுதான், என்னை விட்டுப் போகும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை. முன்கூடத்தில் ஒரு தறிக்குப் புதுப்பாவு வரவில்லை, சும்மா கிடந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட உள்ளே போனதும் நான் தறிக்குழிக்குள் இறங்கினேன். மிதிகட்டைகளுக்குப் பின்னால், ஈரச் செங்கல் மூலையில், ஒரு கை அளவுக்குச் சுருண்டு கிடந்தது.

கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் அடுப்புக்கரியின் கறுப்பு இல்லை. எண்ணெய் தடவிய கல்லில் வெளிச்சம் வழுக்கிப் போகுமே, அந்தக் கறுப்பு. உள்ளே எங்கோ நீலம் இருந்தது. மேலே வெள்ளைக் கோடுகள், வெள்ளிச் சரிகையை இழுத்து ஒட்டியதுபோல மெல்லியவை. முன்பைவிடப் பருமனாகவும் இருந்தது. சட்டையை உரித்துவிட்டு இவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தேன். கடிக்கவில்லை.

அது என் பாம்பு இல்லை. நான் அள்ளி எடுத்தது கட்டுவிரியன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பொருட்காட்சிக் கூட்டத்தோடு பல ஊர்கள் சுற்றியவள். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிற்பாடு மாமாவிடமும், போன இடங்களில் பாம்பு பிடிப்பவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. நல்லபாம்பு கடித்தால் கடித்தது தெரியும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. தூக்கம் வருவதுபோல இமை தாழும், பிறகு மூச்சு நிற்கும். ஆனால் அது இரவில் திரிகிற பாம்பு. பகலில் சோம்பிக் கிடக்கும். தொட்டால் தலையைத் தன் சுருளுக்குள் ஒளித்துக்கொள்ளும். அதற்கு மற்றப் பாம்புகளும் இரை. என் சுவர்ப்பாம்பு எங்கே போனது, இது ஏன் அவ்வளவு பருத்திருந்தது என்பதற்கு மாமா ஓர் ஊகம் வைத்திருந்தார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மூன்று வாரம் கடித்துக்கொண்டிருந்த பாம்பு, திரும்பி வந்ததும் கடிப்பதை விட்டுவிட்டது.

நான்கு நாட்கள் அப்படி இருந்தேன். நாலரை மணிக்கு மூடியைத் திறந்து, அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அது சுருண்டு, தலையை உள்ளே புதைத்துக்கொள்ளும். வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். ஒரு விரலால் முதுகைத் தடவுவேன். முதுகெலும்பின் மேல் நெடுக ஒரு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோணக் கட்டங்களாக, ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். அவற்றின் மேல் விரல் போகும்போது, வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்றைத் தொடுகிறேன் என்று உடம்பு சிலிர்க்கும். பல்லி வைத்தேன், தின்னவில்லை. என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததால் பசி தெரியவில்லை போல. ஆறு மணிக்கு முன்னால் டப்பாவில் விட்டு மூடுவேன். இனி ஒருமுறை ஓடிப்போக விடக் கூடாது என்று, முறுக்கிய பட்டுநூலால் மூடியை நான்கு பக்கமும் இறுகக் கட்டுவேன். பிறகு அம்மா வருவாள். அந்த டப்பா எங்கள் பாய்க்கு ஒரு முழம் தள்ளி, சுவரோரம் இருந்தது.

மாமா அந்த வாரம் ஓசூர் லோடு போயிருந்தார். போனில் சொன்னேன். "மாமா, அது இப்போ கடிக்கறதே இல்ல."

"பரவால்லியே, உன்கிட்ட தோத்துப் போச்சா?" என்று சிரித்தார்.

நான்காம் நாள் மாலை, அக்கா ஐந்து மணிக்கே வேலையிலிருந்து வந்துவிட்டார். வானம் மூடியிருந்தது. நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பாம்பு மடியில் இருந்தது.

"அக்கா, இப்ப வரைங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் சும்மா இருக்கும்."

அக்கா கதவருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழைய பாதித் தாளைப் பிரித்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார், புதுத் தாளை மடியில் வைத்தார். இரண்டு மூன்று கட்டங்கள் போட்டார். பழைய தாளைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தார். பென்சிலை எச்சில் தொட்டு மறுபடி பழைய தாளைப் பார்த்தார்.

"இன்னாடி இது, டிசைன் தலைகீழா இருக்குது? கழுத்துப் பக்கம் கோடே இல்ல, புள்ளிதான் இருக்குது. வாலுக்குப் போகப் போக ஜோடி ஜோடியா வருது."

"சட்டை உரிச்சிடுச்சிக்கா. புதுசு."

"உரிச்சா கலர் மாறும், சரி. டிசைன் எப்படி மாறும்?" அவர் குரல் அப்போதும் கணக்குப் போடுகிற குரலாகத்தான் இருந்தது. "பச்சை நூல எடுத்துட்டு அரக்கு நூல போட்டா அட்டை மாறிடுமா? அதே மாங்கா டிசைன்தான் விழும், அதே எடத்துலதான் விழும். இது வேற அட்டைடி."

சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். "உன் மாமாவுக்கு அனுப்பறேன், அவரும் பாக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கா எழுந்து வெளியே போய்ப் பேசினார். "ம்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. நாலைந்து தடவை "ம்."

மாமா கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் அக்கா வெகுகாலம் கழித்துச் சொன்னார். எங்க இருக்குது? அவ மடியில. ரூம்ல வெளிச்சம் இருக்குதா? கொறைஞ்சிக்கினு வருது. அவ பயந்திருக்காளா? இல்ல. அப்படின்னா பயப்பட வெச்சிடாத தாயி. பயந்தா உதறுவா. நான் ஓசூர்லேந்து திரும்பி பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்துட்டேன், இருபது நிமிஷம். அது வரைக்கும் அவ அசையக் கூடாது.

அக்கா திரும்பி வந்தார். கதவருகே நிற்கவில்லை. முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார், தாளை எடுத்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதாம், உன் மாமா சொல்றாரு. முழுசா வரைஞ்சிட்டுத்தான் மறுவேலை. நீ அசையக் கூடாது, தெரியுதா? பேசக்கூட வேணாம். நீ அசைஞ்சா எனக்கு கட்டம் தப்பிடும்."

என்னை யாரும் அதுவரை எதற்கும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன்.

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. விளக்கு சுவிட்ச் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அக்கா அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சன்னலிலிருந்து வந்த கடைசி வெளிச்சம் பாம்பின் மேல்தான் விழுந்தது. கறுப்பு கறுப்பாகவே இருக்க, வெள்ளைக் கோடுகள் மட்டும் தனியாக மிதந்தன. அப்போது சுருள் இளகியது. நான்கு நாட்களாக நான் பார்க்கக் காத்திருந்த தலை, மெதுவாக வெளியே வந்தது.

சின்னத் தலை. வட்டக் கண்கள், கறுப்பிலேயே கறுப்பாக. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. பிறகு அது என் இடது மணிக்கட்டின் மேல் ஏறியது. குளிர்ந்த தண்ணீர் மேல்நோக்கி ஓடினால் அப்படி இருக்கும். அதன் வயிற்றுச் செதில்கள் ஒவ்வொன்றாக என் தோலைப் பிடித்து விடுவது தெரிந்தது. முழங்கையின் மடிப்பில் வந்து நின்றது. அங்கே என் நாடி துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பின் மேல் தன் மோவாயை வைத்து, அது அப்படியே இருந்தது.

முன்கூடத்திலிருந்து வீட்டுக்காரம்மா மகளைக் கூப்பிட்டார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். "ஏமே! எக்கடுன்னாவு?" எங்கே இருக்கிறாய் என்று இரண்டு முறை கேட்டார். பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவின் கண் தாளில் இல்லை, என் கையில்தான் இருந்தது. பார்த்துப் பார்த்து வரைகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கன்னத்தில் வியர்வை வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. அவ்வளவு கவனம்.

பிற்பாடு எத்தனையோ ஊர்களில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறேன். ராட்டினத்தின் உச்சியில் ஏறி பல்பு மாட்டியிருக்கிறேன். அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இருந்ததுபோல வேறெங்கும் நான் முழுசாக இருந்ததில்லை. என்னை ஓர் உயிர் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றே நம்பினேன்.

மாமாவின் ஆட்டோ சத்தம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. செருப்பில்லாமல் உள்ளே வந்தார். கதவோரம் ஒரு கணம் நின்று பார்த்தார். கொக்கிக் கம்பியை என் முழங்கைக்கும் பாம்பின் நடு உடம்புக்கும் இடையில் மெல்ல நுழைத்து, ஒரே தூக்காகத் தூக்கி டப்பாவுக்குள் இறக்கினார். மூடியைப் போட்டு அதன் மேலேயே இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டுநூலால் கட்டப் பார்த்தார். முடிச்சு விழவில்லை.

"மாமா, இன்னா பண்ற? என் பாம்பு!"

"போய் கை கழுவு."

"அது என்னக் கடிக்கவே இல்ல மாமா. அதுக்கு என்னப் புடிச்சிருக்குது!"

எப்போதும் எதற்கும் சிரிக்கிற மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா" என்றார். "ரொம்பப் புடிச்சிருக்குது."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் பின்னாலேயே ஓடி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திருடன் என்றேன். அழகாக ஆகிவிட்டது என்று தெரிந்ததும் பிடுங்கிக்கொண்டு போகிறாய் என்றேன். இன்னும் நாலைந்து வார்த்தைகள் சொன்னேன், இங்கே எழுத முடியாதவை. அவர் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அழுதுகொண்டே அறைக்குத் திரும்பினேன். அக்கா இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். விளக்கைப் போட்டேன். பாம்புதான் போய்விட்டது, அதன் படமாவது இருக்கட்டும் என்று அவர் மடியிலிருந்த தாளை இழுத்துப் பார்த்தேன்.

தாள் முழுக்கக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. மேல் மூலையில், முதலில் போட்ட இரண்டு மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கட்டத்தின் மேல் பென்சில் திரும்பத் திரும்ப ஓடியிருந்தது. அந்த இடம் கறுத்து, பளபளத்து, தாளே கிழிந்து ஓட்டை விழுந்திருந்தது.

இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தேனே, இந்த அக்காவுக்கு வரையவே தெரியாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.